மலைநாட்டு மேடைக்கு ஒரு கிட்டார் பஃபர்: சாமான் வாங்குவதிலிருந்து ஈரம் காப்பது வரை

தோட்டத்துக் கோவில் திருவிழாவில் மேடை ஒரு மூலையில் இருக்கும், மிக்சர் மேசை மைதானத்தின் அடுத்த மூலையில் இருக்கும். கிட்டாரிலிருந்து 15 மீற்றர் வயரை இழுத்து நேராக மிக்சரில் செருகுவார்கள். லயத்து வீட்டில் கணீரென்று ஒலித்த கிட்டார், அங்கே வாயைப் பொத்திக்கொண்டு பாடுவது போல மங்கிக் கேட்கும். ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருப்பினாலும் இரைச்சல்தான் கூடும், போன ஒலி திரும்பாது. வயரிலேயே செத்துப்போன ஒலியை மிக்சரால் எழுப்ப முடியாது. வயருக்குள் நுழையும் முன்பே அதைக் காப்பாற்றத்தான் பஃபர்.

பஃபர் ஒலியைப் பெருக்காது, அழகுபடுத்தவும் செய்யாது. கிட்டார் தரும் வோல்ட்டை அப்படியே வாங்கி, அதே வோல்ட்டை பலமுள்ள கையால் முன்னே தள்ளும், அவ்வளவுதான். கட்டுவது ஒரு பின்னேர வேலை. எங்கள் மலைக் காலநிலையில் அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓட வேண்டுமென்றால் ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

ஒலி எங்கே போகிறது

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல ஆயிரம் சுற்று மெல்லிய செப்புக் கம்பி. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் தூண்டல் சுமார் 2.5 ஹென்றி, தடை சுமார் 6 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். கிட்டார் வயர் ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் கொள்ளளவைச் சேர்க்கிறது. இந்தச் சுருளும் இந்தக் கொள்ளளவும் சேர்ந்து ஓர் இடத்தில் ஒத்ததிர்கின்றன. அதற்கு மேலே உள்ள ஒலி சரசரவென்று இறங்கிவிடும். பிக்கப்பின் சொந்தக் கொள்ளளவு 100 பிகோஃபாரட் என்று சேர்த்துக் கணக்குப் போட்டால், 3 மீற்றர் வயரில் அந்த உச்சம் சுமார் 5,000 ஹேர்ட்ஸ், 6 மீற்றரில் 3,800, 15 மீற்றரில் 2,500. கம்பியைச் சுண்டும்போது வரும் அந்தப் பளிச்சிடும் பகுதி முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

மிக்சரில் நேராகச் செருகினால் பாதிப்பு இதைவிட மோசம். அதன் லைன் உள்ளீட்டின் தடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம்தான். 6 கிலோ ஓம் பிக்கப்பை 10 கிலோ ஓமில் மாட்டினால் வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடும், ட்ரெபிள் 1,000 ஹேர்ட்ஸிலிருந்தே சரியத் தொடங்கும். கிட்டாருக்கு வேண்டியது 1 மெகா ஓம் அளவு உள்ளீடு.

கட்டத் தொடங்குமுன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் பெடல் வரிசையில் முதலாவதாக பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல் ஒன்று இருந்தால், அது அணைந்திருக்கும்போதும் அதற்குள் ஒரு பஃபர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று தேவையில்லை. கிட்டாருக்குள்ளேயே 9 வோல்ட் பற்றரி போடும் அக்டிவ் பிக்கப்புக்கும் தேவையில்லை. ட்ரூ பைபாஸ் பெடல்கள் (அணைத்தால் வெறும் வயர் போல ஒலியை நேராக விடுபவை) மட்டும் வைத்திருப்பவருக்கும், நேராக மிக்சரிலோ நீண்ட வயரிலோ வாசிப்பவருக்கும்தான் இது.

எந்த ஐசி, ஏன்

பழைய வரைபடங்கள் பலவற்றில் ஜே201, 2என்5457 போன்ற ஜேஃபெட் (ஒரு வகைத் திரான்சிஸ்டர்) ஒன்று இருக்கும். நல்ல வடிவமைப்புத்தான். ஆனால் நீண்ட கால் வைத்த அசல் ஜேஃபெட் இப்போது கிடைப்பது அரிது, கிடைத்தாலும் ஒரே பெயரில் வரும் இரண்டு ஒரே மாதிரி நடக்காது. ஒவ்வொன்றுக்கும் பயஸ், அதாவது ஓய்வு வோல்ட், தனியாகப் பார்க்க வேண்டிவரும். அதனால் டிஎல்072 ஐசியை எடுத்துக்கொள்வோம். கண்டியிலோ பதுளையிலோ அம்ப்ளிஃபையர் திருத்தும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்களிடம் சொல்லியும் எடுக்கலாம்.

"டிஎல்072 இல்லை, 4558 இருக்கு, அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்று கடையில் சொன்னால் வாங்க வேண்டாம். கால்கள் ஒரே வரிசையில் இருப்பது உண்மை, உள்ளே வேறு. டிஎல்072இன் உள்ளீடு ஜேஃபெட். அது இழுக்கும் மின்னோட்டம் பிகோ அம்பியர் கணக்கில் இருக்கும். 4558, 5532, எல்எம்358 எல்லாம் நானோ அம்பியர் கணக்கு. 5532இன் வழக்கமான 200 நானோ அம்பியர், நாம் உள்ளீட்டில் போடப்போகும் 2.2 மெகா ஓமில் பாய்ந்தால் 0.44 வோல்ட் விலகல் வரும். டிஎல்071 கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் கால் வரிசை வேறு. கீழே உள்ள எண்கள் டிஎல்072க்கு மட்டும்.

வாங்க வேண்டியவை

பாடப்புத்தகம் தடையி, கொள்ளளவி என்று சொல்லும். கடையில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று கேளுங்கள். ரெசிஸ்டர் எல்லாம் கால் வாட், மெட்டல் ஃபிலிம் 1 சதவீதம்.

ரெ1, ரெ3: 2.2 மெகா ஓம்
ரெ2: 1 கிலோ ஓம்
ரெ4, ரெ5: 10 கிலோ ஓம்
ரெ6, ரெ8: 100 ஓம்
ரெ7: 100 கிலோ ஓம்
கெ1: 47 பிகோஃபாரட் செரமிக்
கெ2: 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம்
கெ3: 47 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்
கெ4: 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்
கெ5: 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்
கெ6: 0.1 மைக்ரோஃபாரட் செரமிக்
டி1: 1என்5817 டயோட்
டிஎல்072 ஒன்று, 8 கால் ஐசி சொக்கெட் ஒன்று
6.35 மில்லிமீற்றர் ஜெக்: ஸ்டீரியோ ஒன்று, மோனோ ஒன்று
பிளாஸ்டிக் உடல் கொண்ட டிசி சொக்கெட், 9 வோல்ட் பற்றரிக் கிளிப், சிறு துண்டு டொட் போர்ட் (துளையிட்ட சர்க்கிட் பலகை), உலோகப் பெட்டி

47 பிகோஃபாரட் செரமிக்கில் "47" என்றோ "470" என்றோ அச்சிட்டிருக்கும். இந்த 470 என்பது 47க்குப் பின் பூச்சியம் இல்லை என்று பொருள், 470 பிகோஃபாரட் அல்ல. 470 பிகோஃபாரட்டில் "471" என்றிருக்கும். 0.1 மைக்ரோஃபாரட்டுக்குக் குறி 104. ரெசிஸ்டரில் 2.2 மெகா ஓம் ஐந்து வளையத்தில் சிவப்பு, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், கபிலம். நான்கு வளையத்தில் சிவப்பு, சிவப்பு, பச்சை. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் கபிலமும் ஒன்று போலத் தெரியும். வளையத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரில் அளந்து போடுங்கள்.

பெட்டிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். 50 ஹேர்ட்ஸ் உறுமல் நேராக உள்ளே வரும். அலுமினிய வார்ப்புப் பெட்டி சிறந்தது. அது இல்லாத இடத்தில் மூடி இறுக்கமான சிறு தேயிலை டின் நன்றாகவே மறைக்கும், தகரத்தில் ஈயமும் பிடிக்கும். வெட்டிய ஓரங்களுக்கு உடனே பெயின்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறும்.

சர்க்கிட் எப்படிப் போகிறது

உள்ளீட்டு ஜெக்கின் நுனியிலிருந்து ரெ1 தரைக்கு (ஜெக்குகளின் உடலும் மின்னின் எதிர்முனையும் சேரும் பொதுப் புள்ளிக்கு) இறங்குகிறது. செருகும்போது "டப்" என்று அடிக்காமல் காப்பது இதுதான். அதே நுனியிலிருந்து ரெ2 வழியாக முன்னேறி, ரெ2இன் மறுமுனையில் கெ1 தரைக்குப் போகிறது. இந்த இரண்டும் வானொலி அலையை வெளியே நிறுத்த. பிதுருதலாகல உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் நாட்டில், மேட்டுத் தோட்டமொன்றில் வாசிக்கும்போது எஃப்எம் நிகழ்ச்சி கிட்டாரில் புகுந்து வருவது நடக்கக்கூடியது. இந்த வடி 3.4 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டும், கேட்கும் ஒலியைத் தொடாது.

அங்கிருந்து கெ2, பிறகு ஐசியின் 3ஆம் கால். 3ஆம் காலிலிருந்து ரெ3 நடுவோல்ட் புள்ளிக்குப் போகிறது. ரெ4 நேர்மின்னிலிருந்தும் ரெ5 தரையிலிருந்தும் வந்து சந்திக்கும் இடமே நடுவோல்ட். அங்கே கெ3இன் நேர்முனை, அதன் எதிர்முனை தரையில். கிட்டார் பார்க்கும் மொத்தத் தடை ரெ1, ரெ3 இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து 1.1 மெகா ஓம்.

2ஆம் காலை 1ஆம் காலோடு நேராக இணையுங்கள். பஃபர் என்பதே இந்த ஒரு துண்டு வயர்தான். 1ஆம் காலிலிருந்து ரெ6, பிறகு கெ4, பிறகு வெளியீட்டு ஜெக்கின் நுனி. கெ4இன் நேர்முனை ஐசி பக்கம். நுனியிலிருந்து ரெ7 தரைக்கு. ரெ6ஐ வீண் என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. நீண்ட வயரின் கொள்ளளவை நேராகச் சுமந்தால் ஐசி காதுக்குக் கேட்காத அலைவரிசையில் துடிக்கத் தொடங்கி, ஒலி கரகரக்கும்.

பாவிக்காத அடுத்த பாதியைச் சும்மா விடாதீர்கள். 5ஆம் காலை நடுவோல்ட்டுக்கும், 6ஐ 7க்கும் இணையுங்கள். 4ஆம் கால் தரை, 8ஆம் கால் நேர்மின்.

மின் வரும் வழி: பற்றரி அல்லது அடாப்டரின் நேர்முனை, டி1, ரெ8, பிறகு 8ஆம் கால். ரெ8க்குப் பிறகு கெ5, கெ6 இரண்டும் தரைக்கு. கெ6 சொக்கெட்டை ஒட்டியே இருக்கட்டும். ஸ்டீரியோ ஜெக்கை உள்ளீட்டில் போட்டு, பற்றரியின் எதிர்முனையை அதன் வளையத்தில் இணைத்தால், மோனோ பிளக்கைச் செருகும்போது மட்டும் அது தரையோடு சேரும். தனிச் சுவிட்ச் வேண்டாம், வாசித்து முடிந்ததும் வயரைப் பிடுங்கினால் போதும்.

கட்டும் வரிசை

முதலில் சொக்கெட்டை டொட் போர்ட்டின் நடுவில் வையுங்கள், ஐசியை இப்போது செருக வேண்டாம். மின் பகுதியை முழுதாக முடியுங்கள்: டி1, ரெ8, கெ5, கெ6, ரெ4, ரெ5, கெ3. டயோடின் வெள்ளிக் கோடு ஐசி பக்கம் பார்க்க வேண்டும். 25 முதல் 40 வாட் ஈயம் வைக்கும் அயனும் 0.8 மில்லிமீற்றர் ரோசின் ஈயமும் போதும். பிளம்பர் பாவிக்கும் அமிலப் பசையைத் தொடவே கூடாது.

பற்றரியை மாட்டி, கறுப்புக் கம்பியைத் தரையில் வைத்து அளவுங்கள். பற்றரி 9 வோல்ட் என்றால் 8ஆம் கால் துளையில் சுமார் 8.8, நடுவோல்ட்டில் அதன் சரிபாதி வரவேண்டும். வராவிட்டால் மேலே போகாமல் அங்கேயே தேடுங்கள். இந்த நிலையில் பிழை இருக்கக்கூடிய இடங்கள் ஏழு சாமான்கள்தான்.

பிறகு வெளியீட்டுப் பக்கம், கடைசியாக உள்ளீட்டுப் பக்கம். உள்ளீட்டில் வயர்களை மிகக் குட்டையாக வையுங்கள். ரெ2, கெ2, ரெ3, 3ஆம் கால் எல்லாம் ஒரு சதுர அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். ஜெக்கிலிருந்து போர்ட்டுக்கு வரும் துண்டு 5 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் ஷீல்ட் வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் தரையில் இணையுங்கள். உள்ளீட்டு வயரும் வெளியீட்டு வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடாது.

டிசி சொக்கெட்டில் பலர் தவறுகிறார்கள். பெடல் அடாப்டர்களில் நடுமுனை எதிர், வெளிவளையம் நேர். உலோக மரை கொண்ட சொக்கெட்டை உலோகப் பெட்டியில் இறுக்கினால், வெளிவளையத்தின் 9 வோல்ட் பெட்டி வழியாகத் தரையோடு முட்டும். பிளாஸ்டிக் உடல் என்று மேலே எழுதியது இதற்காகத்தான். பற்றரியின் நேர்முனையை சொக்கெட்டின் சுவிட்ச் காலில் இணைத்தால் அடாப்டரைச் செருகும்போது பற்றரி தானாக விலகும். கீபோர்ட் அடாப்டர் சிலவற்றில் முனை மாறியிருக்கும். டி1 இருப்பதால் ஒன்றும் எரியாது, வேலை மட்டும் செய்யாது.

இப்போது பற்றரியைக் கழற்றி, ஐசியின் பிறை வெட்டு சொக்கெட்டின் வெட்டோடு பொருந்தும்படி செருகி, மீண்டும் மாட்டுங்கள். 8ஆம் காலில் 8.4 முதல் 8.6, 1ஆம் காலில் 4.2 முதல் 4.3 வோல்ட். பற்றரியோடு தொடராக மீற்றரை வைத்தால் 3 முதல் 5 மில்லி அம்பியர். ஆல்கலைன் பற்றரி ஒன்று நூறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். 7.5 வோல்ட்டுக்கு இறங்கினால் மாற்றுங்கள்.

3ஆம் காலில் அளந்து பயப்பட வேண்டாம். நல்ல மீற்றரின் உள்தடை 10 மெகா ஓம். அது 2.2 மெகா ஓமோடு பங்குபோட்டு 3.5 வோல்ட் காட்டும். மலிவான மஞ்சள் மீற்றர் பலவற்றில் உள்தடை 1 மெகா ஓம்தான். அது 1.3 வோல்ட் என்று காட்டும். இரண்டுமே சர்க்கிட்டின் பிழையல்ல. உண்மையை 1ஆம் காலில் பாருங்கள்.

ஈரம்

தென்மேல் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் சுவரே வியர்க்கும். வடகீழ் பருவத்தில் பதுளை, பசறைப் பக்கத்தின் முறை. சாதாரண அம்ப்ளிஃபையருக்கு இது பெரிய விடயமில்லை. பஃபருக்குப் பெரிய விடயம், ஏனென்றால் 3ஆம் காலைப் பிடித்து வைத்திருப்பது 2.2 மெகா ஓம் மட்டும்தான். அதற்கு அடுத்த 4ஆம் கால் தரை. இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீற்றர். அந்த இடைவெளியில் காயாத ரோசின் கொஞ்சம் கிடந்து மூடுபனியை உறிஞ்சினால், கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்டர் ஒன்று முளைத்துவிடும். அது 100 மெகா ஓம் என்றாலே உள்ளீடு 90 மில்லி வோல்ட் இறங்கும், 20 மெகா ஓம் என்றால் 0.4 வோல்ட். விலகலைவிடத் தொல்லை, அது நிலையாக இல்லாமல் மூச்சுவிடுவது போல மாறிக்கொண்டே இருப்பது. மழை நாளில் சரசரப்பு, வெயில் நாளில் சுத்தம் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஈயம் வைத்து முடிந்ததும் ஐசியைக் கழற்றி, பழைய பல்துலக்கியில் ஐசோப்ரோபைல் அல்கஹோல் தொட்டு போர்ட்டின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். 3ஆம், 4ஆம் கால்களுக்கு இடையே இரண்டு தடவை. பாமசியில் சேர்ஜிகல் ஸ்பிரிட் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் எண்ணெய் கலந்திருக்கலாம், படலம் விட்டுப்போகும். நன்றாக உலர்ந்தபின் நிறமில்லாத கியூடெக்ஸை (நகப்பூச்சை) அடிப்பக்கத்தில் மெல்லியதாகப் பூசுங்கள், சொக்கெட் துளைக்குள் போகாமல். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுவதைவிடப் பூசாமல் இருப்பது நல்லது.

பூசுவதற்கு முன் ஒரு சோதனை. ஐசியைத் திரும்பச் செருகி, மின் கொடுத்து, மீற்றரை 200 மில்லி வோல்ட்டில் வைத்து, சிவப்பை 1ஆம் காலிலும் கறுப்பை நடுவோல்ட்டிலும் வையுங்கள். அசல் டிஎல்072 என்றால் 10 மில்லி வோல்ட்டுக்குள் நிற்கும். 20ஐத் தாண்டினால் இன்னொருமுறை கழுவி, உலரவிட்டு அளவுங்கள். அப்போதும் இறங்காவிட்டால், டிஎல்072 என்று பெயர் அச்சிட்ட வேறு ஐசி உங்கள் கையில் இருக்கலாம். மாற்றிப் பாருங்கள்.

இரவில் வான் வண்டியில் குளிர்ந்து வந்த பெட்டியை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனால், மூக்குக் கண்ணாடியில் படிவது போலப் பனி படியும். இருபது நிமிடம் வெப்பம் ஒத்துப்போக விட்டுப் பிறகு மின் கொடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும்.

மேடையில்

கிட்டாருக்கும் பஃபருக்கும் இடையே 3 மீற்றருக்கு மேல் வேண்டாம். நீளம் எவ்வளவு வேண்டுமோ அதைப் பஃபருக்குப் பிறகு போடுங்கள். அங்கே 30 மீற்றர் போட்டாலும் 100 ஓமுக்கு முன்னால் வயரின் 3,000 பிகோஃபாரட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த நீளத்தில் லைட் வயர்களின் உறுமல் ஏறும், அதைப் பஃபர் தடுக்காது. 15 மீற்றரைத் தாண்டினால் பஃபருக்குப் பின் டிஐ பெட்டி (கிட்டார் ஒலியை மைக் வயரில் அனுப்பும்படி மாற்றும் பெட்டி) ஒன்று வையுங்கள்.

ஒலியை முரட்டுத்தனமாக உடைக்கும் ஃபஸ் பெடல், முக்கியமாக ஜெர்மானியம் திரான்சிஸ்டர் வைத்தது, பஃபருக்கு முன்னால் நிற்க வேண்டும். அது பிக்கப்பின் தடையோடு கைகோத்து வேலை செய்கிற சாமான். பஃபரை முன்னே வைத்தால் ஒலி கூசும், வொலியும் குமிழைக் குறைத்தால் தெளியும் அந்தக் குணமும் போய்விடும்.

நீண்ட வயரின் மங்கலுக்குப் பழகியவர்களுக்குப் புதிய ஒலி குத்துவது போலிருக்கும். உள்ளீட்டு நுனியிலிருந்து தரைக்கு 470 பிகோஃபாரட்டைச் சிறு சுவிட்ச் வழியாகப் போட்டால், 3 மீற்றர் வயரில் உச்சம் 3,400 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். ஒரு வாரம் அதில்லாமல் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பஃபர் மின் அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றாது. கிட்டார் கம்பி, பெட்டி, மிக்சரின் உடல் எல்லாம் ஒரே தரையில் இணைந்திருக்கின்றன. ஈரப் புல்லில், எர்த் இல்லாத ஜெனரேற்றரில், ஒரு கையில் கிட்டாரும் உதட்டில் மைக்குமாக நிற்பது உயிராபத்து. 230 வோல்ட் வரும் இடத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தான் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மேடை ஏறுங்கள்.

வேலை செய்யாவிட்டால்

சத்தமே இல்லை, ஆனால் 1ஆம் காலில் 4.2 வோல்ட் சரி என்றால் ஜெக்கைப் பாருங்கள். நுனியும் உடலும் இடம் மாறியிருக்கும், அல்லது வயரின் ஷீல்ட் இழை ஒன்று நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும். 1ஆம் காலில் 0 அல்லது 8 வோல்ட் நின்றால் ரெ3 சரியாகப் பிடிக்கவில்லை, இல்லையேல் ஐசி தலைகீழ்.

ஒலி வருகிறது, பலமாக அடித்தால் உடைகிறது என்றால் பற்றரி செத்திருக்கும், அல்லது ரெ4, ரெ5 ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் இல்லை. செருகும் ஒவ்வொரு முறையும் "டப்" என்றால் ரெ1 அல்லது ரெ7 விட்டிருக்கும். கெ4 தலைகீழாக இருந்தாலும் இதே "டப்"போடு மெல்லிய பொரிச்சலும் வரும்.

உறுமல் பற்றரியில் இல்லை, அடாப்டரில் மட்டும் வருகிறதென்றால் குற்றம் அடாப்டரில்தான். பழைய டிரான்ஸ்ஃபோமர் அடாப்டர் "9 வோல்ட்" என்று எழுதியிருந்தும் சுமையில்லாதபோது 12, 13 வோல்ட் தரும். 25 வோல்ட் கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்கும், உறுமலைத் தாங்காது. ரெகுலேட்டட் அடாப்டர் ஒன்று எடுங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் பியசோவுக்கு (அதிர்வை மின்னாக்கும் பிக்கப்புக்கு) இதே போர்ட்டைப் பாவிக்க ரெ1, ரெ3 இரண்டையும் 10 மெகா ஓமாக மாற்றினால் போதும். உள்ளீடு 5 மெகா ஓமாகும், அடிக்கட்டை ஒலி நிறையும். ஆனால் முன்பு 90 மில்லி வோல்ட் இழுத்த அதே 100 மெகா ஓம் ஈரக் கசிவு இப்போது 0.39 வோல்ட் இழுக்கும். ஆகவே பியசோவுக்குக் கட்டும்போது கழுவும் வேலையை இரண்டு தடவை செய்து, உலர்ந்தபின் அந்த மில்லி வோல்ட் சோதனையை மழை பெய்யும் ஒரு நாளில் இன்னொருமுறை செய்யுங்கள்.